குறுங்காலத் தங்கற் பராமரிப்பும் அதன் தர மதிப்பீடும்
– இங்கிலாந்தின் அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு –

ஒரு சமுதாயம் தன் நலிந்த உறுப்பினரை எவ்வாறு பேணுகின்றது என்பதை அறிய, அது இயற்றிய சட்டங்களைப் படித்தல் மட்டும் போதாது. அச்சட்டங்கள் நடைமுறையில் உள்ளனவா எனப் பார்த்துவர அது யாரை அனுப்பியது, அவ்வாறு சென்றவர் யாரிடம் வினாவினர், எவற்றைக் குறித்துக்கொண்டு திரும்பினர் என்பனவும் ஆராயப்படல் வேண்டும். பராமரிப்பு நிலையங்களின் தரத்தை மதிப்பிடும் முயற்சி இரண்டரை நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து நடைபெற்றுவந்த நாடு என்ற வகையில் இங்கிலாந்தின் வரலாறு இத்தகைய ஆய்வுக்குப் பெரிதும் இடந்தருகின்றது.

முதுமையினாலோ, உளவளர்ச்சிக் குறைவினாலோ, நீடித்த நோயினாலோ பிறர் துணையின்றி வாழ இயலாத வளர்ந்தோர் பலர் தத்தம் வீடுகளிலேயே பராமரிக்கப்படுகின்றனர். பராமரிப்பவர் பெரும்பாலும் தாயாகவோ, மனைவியாகவோ, மணமாகாத மகளாகவோ இருப்பர். ஓய்வொழிவின்றித் தொடரும் இப்பணியிலிருந்து அவருக்குச் சிறிது விடுதலை கிடைக்கும்பொருட்டுப் பராமரிக்கப்படுபவரைச் சில நாட்களுக்கோ சில கிழமைகளுக்கோ ஓர் இல்லத்தில் தங்கவைத்து, பின்னர் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடே குறுங்காலத் தங்கற் பராமரிப்பு எனப்படும். இவ்வேற்பாட்டில் ஒரு முரண்பாடு பொதிந்துள்ளது. ஓய்வு பெறுபவர் ஒருவர். வீட்டை விட்டுச் சென்று அந்நியரிடையே தங்குபவர் மற்றொருவர். செலவை ஏற்பது மூன்றாவதான ஓர் அரசாங்க அமைப்பு. இம்மூவருள் யாருடைய தீர்ப்பைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்வது என்னும் வினா எளிதில் விடைகாணக் கூடியதன்று. இவ்வினா வரலாற்றில் எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அதற்குத் தங்கியிருந்தவரின் சாட்சியம் இன்றி விடை காணமுடியாது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் பரிசோதகர்கள்

இங்கிலாந்தில் பராமரிப்பு நிலையங்களை அரசு சார்பாகப் பரிசோதிக்கும் வழக்கம் 1774ஆம் ஆண்டின் சட்டத்துடன் தொடங்குகின்றது. சித்தசுவாதீனமற்றோரைப் பணம் பெற்றுத் தங்கவைத்த தனியார் விடுதிகள் அக்காலத்திற் பெருகியிருந்தன. நோயுறாதவரையும் உறவினர் இவ்விடுதிகளில் அடைத்துவிடுகின்றனர் என்ற முறைப்பாடுகளும் எழுந்தன. இவற்றின் விளைவாக நிறைவேறிய அச்சட்டம், விடுதி நடத்துவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தது. இலண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்த விடுதிகளைப் பார்வையிடும் பொறுப்பு மருத்துவர்களின் அரச கல்லூரி தெரிவுசெய்த ஆணையாளரிடமும், ஏனைய இடங்களில் சமாதான நீதவான்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. எனினும் கண்ட குறைகளை எழுதிவைக்கும் உரிமையே இலண்டன் ஆணையாளருக்கு இருந்தது. கொடுமை நிகழ்ந்த விடுதியின் அனுமதியை அக்காரணத்துக்காக நீக்கும் அதிகாரம் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி பிற்காலத்திலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம்.

1814ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நாட்டை அதிரவைத்தன. யோக் நகரப் புகலிடத்தைப் பார்வையிடச் சென்ற நீதவான் கொட்பிறி ஹிகின்ஸ், வழக்கமான பார்வையாளருக்குக் காட்டப்படாது மறைக்கப்பட்டிருந்த அழுக்கடைந்த சிற்றறைகளைக் கண்டுபிடித்தார். இலண்டன் பெத்லம் வைத்தியசாலையிலோ, நொறிஸ் என்னும் நோயாளி கழுத்திலும் உடலிலும் இரும்பு பூட்டப்பட்டுப் பல ஆண்டுகளாக ஒரே இடத்திற் பிணைக்கப்பட்டிருந்தமையை எட்வேர்ட் வேக்பீல்ட் என்பார் வெளிப்படுத்தினார். 1815இல் பாராளுமன்றத் தெரிவுக்குழு இவற்றை விசாரித்தது. இவ்விரு நிலையங்களும் தனியார் விடுதிகளல்ல. மேன்மக்களைக் கொண்ட ஆளுநர் சபைகள் நிருவகித்த தரும நிறுவனங்கள். அவற்றுக்குப் பார்வையாளர் வராமலும் இல்லை. ஆயின், வந்தோர் காட்டப்பட்டவற்றையே கண்டு சென்றனர். காட்டப்படாத கதவைத் திறக்குமாறு வற்புறுத்திய பின்னரே உண்மை வெளியாயிற்று.

அதே யோக் நகரில் 1796இல் வில்லியம் ரியூக் என்பாரின் முயற்சியாற் குவேக்கர் சமயத்தினர் தொடங்கிய 'றிற்றீற்' என்னும் இல்லம் வேறொரு வழியைக் காட்டிநின்றது. அங்கு சங்கிலி நீக்கப்பட்டு, உரையாடலும் உழைப்பும் வீட்டுச் சூழலும் சிகிச்சையின் பகுதிகளாயின. அதுபற்றி 1813இற் சாமுவேல் ரியூக் எழுதிய நூல் ஏனைய நிலையங்களோடு ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. தரம் என்பது கொடுமையின்மை மட்டுமன்று, நல்வாழ்வின் இருப்பும் ஆகும் என்ற எண்ணம் இங்ஙனம் வேரூன்றத் தொடங்கியது.

1828இல் இலண்டனுக்கென ஒரு பரிசோதனைச் சபையும், 1845இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்குமான ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டன. பிற்காலத்தில் சாவ்ற்ஸ்பரி பிரபு எனப் புகழ்பெற்ற ஆஷ்லி, 1885இல் இறக்கும்வரை அவ்வாணைக்குழுவின் தலைவராக விளங்கினார். சம்பளம் பெறும் மருத்துவர் மூவரும் சட்டத்தரணிகள் மூவரும் நாடெங்கும் பயணஞ்செய்து நிலையங்களைப் பார்வையிட்டனர். படுக்கை, உணவு, காற்றோட்டம், தூய்மை, கட்டுப்படுத்துங் கருவிகளின் பயன்பாடு, பதிவேடுகள் முதலியவற்றை அவர்கள் ஒழுங்காக ஆராய்ந்தனர். இப்பணியின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் புகலிடங்களில் வாழ்ந்தோரின் தொகை நூற்றாண்டின் இறுதிவரை பெருகிக்கொண்டே செல்ல, ஒவ்வொருவருக்கும் பரிசோதகர் ஒதுக்கக்கூடிய நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது.

உள்ளிருந்து எழுந்த குரல்

பரிசோதகரின் கண்ணுக்கு எட்டாத ஒன்றை இக்காலப்பகுதியில் எடுத்துரைத்தவர் ஜோன் பேர்சிவல் ஆவார். 1812இற் கொலையுண்ட பிரதமர் ஸ்பென்சர் பேர்சிவலின் மகனாகிய இவர், 1831 முதல் 1834 வரை இரு தனியார் புகலிடங்களில் அடைக்கப்பட்டிருந்தார். விடுதலையான பின் தம் அனுபவத்தை 1838இலும் 1840இலும் நூல்களாக வெளியிட்டார். அவர் தங்கிய இடங்கள் செல்வந்தருக்கென அமைந்தவை. கட்டடம், தோட்டம், உணவு ஆகியவற்றிற் பிறவற்றினும் மேம்பட்டவை. அவர் முறையிட்டது வேறொன்றைப் பற்றியதாகும். தம்மிடம் எதுவும் கேட்கப்படவில்லை. தம்மைப் பற்றி எதுவும் தமக்குச் சொல்லப்படவில்லை. தாம் ஓர் உயிரற்ற பொருள்போல் நடத்தப்பட்டமையே நோயினும் கொடிதாக இருந்தது என்பதே அவர் உரையின் சாரம். 1845இல் அவரும் அவரையொத்தோரும் சேர்ந்து, இவ்வாறு அடைக்கப்பட்டோரின் நலன் காக்க ஒரு சங்கத்தையும் நிறுவினர்.

ஆணைக்குழுவும் இச்சங்கமும் ஒரே ஆண்டிற் பிறந்தமை கருத்தூன்றி நோக்கத்தக்கது. ஒன்று வெளியிலிருந்து அளக்க முற்பட்டது. மற்றையது உள்ளிருந்து சான்று பகர முற்பட்டது. முன்னதற்குச் சட்டத்தின் பலமும் சம்பளமும் இருந்தன. பின்னதற்கு அவை இருக்கவில்லை. சித்தசுவாதீனமற்றவர் எனப் பெயர் பெற்றோரின் சாட்சியம் நம்பத்தகாதது என்ற தப்பெண்ணம் அதன் குரலை எளிதில் அடக்கிவிட்டது.

குறுங்காலத் தங்கலின் தோற்றம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1948இல் தேசிய சுகாதார சேவை செயற்படத் தொடங்கியது. அதே ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழைகள் சட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்து, முதுமையாலும் உடற்குறையாலும் கவனிப்புத் தேவைப்படுவோருக்குத் தங்குமிடம் அளிக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களின்மேற் சுமத்தியது. தனியார் இல்லங்களைப் பதிவுசெய்தலும் பார்வையிடலும் அதே சட்டத்தில் இடம்பெற்றன. முதியோர் இல்லம் ஒரு சிறு விடுதியைப் போன்றும், அங்கு வாழ்வோர் வாடகை செலுத்தும் விருந்தினர் போன்றும் அமையவேண்டும் என்பது அமைச்சர் அனியூரின் பெவனின் கனவாயிருந்தது.

குறுங்காலத் தங்கல் ஒரு தனிச் சேவையாக உருவெடுத்தது இக்காலத்திலேயாகும். உளவளர்ச்சி குன்றியோர் என அன்று அழைக்கப்பட்டவரை வைத்தியசாலையிற் சேர்ப்பதற்குச் சட்டமுறையான சான்றிதழ் தேவைப்பட்டது. தாய் நோயுற்றாலோ குடும்பத்தில் இன்னல் நேர்ந்தாலோ, அத்தகைய சான்றிதழின்றியே சில காலம் சேர்த்துக்கொள்ளலாம் என 1952இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை மூலம் அனுமதித்தது. முதியோர் மருத்துவத் துறையிலும் இதையொத்த ஏற்பாடுகள் தோன்றின. 6 கிழமை வைத்தியசாலையிலும் 6 கிழமை வீட்டிலுமாக முதியவரை மாறி மாறி வைத்திருக்கும் முறை 1957இல் மருத்துவ ஏடான 'லான்செற்'றில் விவரிக்கப்பட்டது. பெற்றோரைப் பேணுவதற்காகத் தொழிலையும் மணவாழ்வையும் துறந்த பெண்களின் நிலையை எடுத்துரைத்து, மேரி வெப்ஸ்ரர் என்னும் சமயப் பணியாளர் 1965இல் ஒரு தேசிய அவையை நிறுவினார். பராமரிப்பவர் என்றொரு வகுப்பினர் உள்ளனர் என்பதையே நாடு அதன் பின்னர்தான் உணரத் தலைப்பட்டது.

இத்தோற்ற வரலாறு தர மதிப்பீட்டின் போக்கையும் தீர்மானித்துவிட்டது. குறுங்காலத் தங்கல் நெருக்கடிக்குப் பரிகாரமாகவும் பராமரிப்பவருக்கு ஓய்வாகவும் பிறந்தமையால், அதன் வெற்றி எத்தனை கட்டில்கள் ஒதுக்கப்பட்டன, எத்தனை இரவுகள் வழங்கப்பட்டன, எத்தனை குடும்பங்கள் பயனடைந்தன என்ற கணக்குகளாலேயே அளக்கப்பட்டது. அவ்விரவுகளைக் கழித்தவர் அவற்றை எவ்வாறு கழித்தார் என்ற வினா நெடுங்காலம் எழவில்லை.

அளவுகோல்களைத் தேடி

1958க்கும் 1959க்கும் இடையிற் சமூகவியலாளர் பீற்றர் ரவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 முதியோர் இல்லங்களைப் பார்வையிட்டார். 1962இல் 'இறுதிப் புகலிடம்' எனப் பொருள்படும் தலைப்பில் அவ்வாய்வு நூலாகியது. பெவன் கனவுகண்ட விடுதிகளுக்கு மாறாக, பழைய ஏழைகள் இல்லங்களே பெயர் மாற்றத்துடன் பல இடங்களில் நீடிப்பதை அந்நூல் புலப்படுத்தியது. ரவுன்சென்ட் இல்லங்களின் தரத்தைப் புள்ளியிட்டு ஒப்பிடவும் முயன்றார். கட்டட வசதி, பணியாளர், உடைமை வைத்திருக்கும் உரிமை, வெளியுலகத் தொடர்பு, அன்றாட வாழ்விற் சுதந்திரம் ஆகியன அவர் கருத்திற்கொண்டவற்றுட் சிலவாகும். எண்ணத்தக்கவற்றோடு எண்ணுதற்கரியனவற்றையும் ஒரே பட்டியலிற் சேர்த்த இம்முயற்சி துணிகரமானது. அவர் சென்ற இல்லங்களுள் 20ஐப் பிற்கால ஆய்வாளர் மீண்டும் சென்று பார்த்து, 2010இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர் என்பதே அவர் ஆய்வின் நிலைத்த பெறுமதிக்குச் சான்றாகும்.

1961இல் ஏர்விங் கொவ்மன் அமெரிக்க மனநோய் வைத்தியசாலை ஒன்றில் நிகழ்த்திய கள ஆய்வின் அடிப்படையில், உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் ஒரே கூரையின்கீழ் ஒரே அதிகாரத்தினால் ஒழுங்குபடுத்தப்படும் நிலையங்களின் இயல்பை விளக்கினார். அவர் கருத்துக்களை அளக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தோர் இங்கிலாந்தின் கிங், றெயின்ஸ், ரிசாட் என்னும் மூவராவர். உளவளர்ச்சி குன்றிய சிறுவர் வாழ்ந்த நிலையங்களை ஒப்பிட்டு 1971இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு நான்கு இயல்புகளை இனங்கண்டது. மாற்றமுடியாத நேர ஒழுங்கு, எல்லோரையும் ஒருமிக்க நடத்துதல், தனியாள் அடையாளம் அழிதல், பணியாளருக்கும் வாழ்வோருக்கும் இடையிலுள்ள தூரம் என்பனவே அவை. குளித்த பின் அடுத்தவர் குளித்து முடியும்வரை வரிசையில் நிற்கவேண்டுமா, சொந்த உடை உண்டா, பணியாளர் உடனிருந்து உண்கின்றனரா என்ற வகையிலான எளிய வினாக்கள் மூலம் அவ்வியல்புகள் அளக்கப்பட்டன. நிலையத்தின் பருமனோ பணியாளரின் விகிதமோ மட்டும் வேறுபாட்டை விளக்கவில்லை என்பதே அவர்களின் முக்கிய முடிவாகும். பொறுப்பாளரின் பயிற்சியும், அன்றாடக் கருமங்களிற் தாமே முடிவெடுக்க அவருக்கிருந்த சுதந்திரமும் பெருந்தாக்கத்தை விளைவித்தன.

இவ்வாய்வுகளுக்கு இடையில் 1966இல் அவேடிஸ் டொனபேடியன் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்து நோக்கலாம் எனக் காட்டினார். கட்டடமும் பணியாளரும் அமைப்பைச் சாரும். பராமரிக்கும் விதம் செயன்முறையைச் சாரும். பராமரிக்கப்பட்டவரிடம் ஏற்பட்ட மாற்றம் விளைவைச் சாரும். பதினெட்டாம் நூற்றாண்டு தொடக்கம் பரிசோதகர் பெரும்பாலும் முதலாவதையே நோக்கினர் என்பது இப்பகுப்பினால் தெளிவாகின்றது.

அமைப்பு முக்கியமற்றதெனக் கொள்வது தவறாகும். 1972ஆம் ஆண்டு யூலை மாதம் டோசெற் மாவட்டத்துக் கோல்ட்ஹாபர் வைத்தியசாலையில் ஏற்பட்ட தீயினால் உளவளர்ச்சி குன்றிய 30 பேர் உயிரிழந்தனர். தீயணைப்பு வசதியும் இரவுப் பணியாளரும் வெளியேறும் வழியும் இல்லாதவிடத்து அன்பான நடத்தை மட்டும் உயிர்களைக் காக்கமாட்டாது. எண்ணத்தக்கவற்றை எண்ணுதல் பரிசோதகரின் தவிர்க்கவொண்ணாத கடமையாகும். அதனோடு அமைந்துவிடுவதே குறைபாடாகும்.

வெளிப்படுத்தியோர் யாவர்?

1967இல் கார்டிவ் நகரின் ஈலி வைத்தியசாலையில் நோயாளர் துன்புறுத்தப்படுவதாக ஒரு தாதி உதவியாளர் தெரிவித்த முறைப்பாடு ஞாயிறு பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. ஜெவ்றி ஹவ் தலைமையிலான குழு அதனை விசாரித்தது. அதன் அறிக்கையை முழுமையாக வெளியிடுவதென அமைச்சர் றிச்சார்ட் குறொஸ்மன் 1969இல் எடுத்த முடிவு ஒரு திருப்புமுனையாயிற்று. அவ்வாண்டே வைத்தியசாலைகளைச் சென்று பார்க்கும் ஆலோசனைச் சேவையொன்று உருவாக்கப்பட்டது. 1971இல் வெளியான அரசாங்க வெள்ளை அறிக்கை, பெரிய வைத்தியசாலைகளிலிருந்து சமூகத்தினுள் அமைந்த சிறிய இல்லங்களுக்குச் செல்லும் கொள்கையை முன்வைத்தது.

1814இல் யோக்கிலும் பெத்லத்திலும், 1967இல் ஈலியிலும் உண்மை எவ்வாறு வெளிவந்தது என்பதை ஒப்பிடுதல் பயனுடைத்து. முன்னைய நிகழ்வுகளில் வெளியாள் ஒருவர் மூடிய கதவைத் திறப்பித்தார். பின்னையதில் உள்ளிருந்த கீழ்நிலைப் பணியாளர் ஒருவர் வாய்திறந்தார். எந்த நிகழ்விலும் வழமையான மேற்பார்வை உண்மையைக் கண்டறியவில்லை. முறையிடுவோருக்கு இழப்பு ஏற்படும் என்ற அச்சம் நிலவும் இடத்தில் முறைப்பாடு இன்மையைத் தரத்தின் சான்றாகக் கொள்ளலாகாது என்பதே இவை புகட்டும் பாடமாகும்.

இவ்வச்சம் குறுங்காலத் தங்கலில் இரட்டிப்பாகின்றது. வருடத்திற் சில கிழமைகளே கிடைக்கும் கட்டிலைக் குறைகூறினால் அதுவும் கிடைக்காது போய்விடுமோ என்று தாய் அஞ்சுகின்றாள். திரும்பி வந்த மகனின் உடலில் ஒரு தழும்பைக் கண்டாலும், முன்பு தானாக உண்டவன் இப்போது ஊட்டுமாறு காத்திருப்பதைக் கண்டாலும், அதனை வாய்விட்டுச் சொல்ல அவள் தயங்குவாள். சொன்னால் அடுத்த முறை ஓய்வில்லை; சொல்லாவிட்டால் அடுத்த முறையும் மகன் அங்கேயே செல்லவேண்டும். பராமரிப்பவரின் திருப்தியை வினாக்கொத்து மூலம் அறிந்து அதனையே தரமெனப் பதிவுசெய்வோர் இத்தயக்கத்தையும் திருப்தியெனக் கணித்துவிடக்கூடும்.

மோறீன் ஒஸ்வின் எழுப்பிய வினா

குறுங்காலத் தங்கலைத் தங்குபவரின் பக்கத்திலிருந்து நோக்கிய முதன்மையான ஆய்வாளருள் மோறீன் ஒஸ்வின் ஒருவர். ஆசிரியையாகப் பணியாற்றிய இவர், வைத்தியசாலைகளில் நெடுங்காலம் வாழ்ந்த உடற்குறையும் உளவளர்ச்சிக் குறைவும் உடைய சிறுவரைப் பற்றி 1971இலும் 1978இலும் நூல்கள் எழுதினார். வார இறுதிகளில் வேலையின்றிப் பேச்சின்றிக் கழியும் வெறுமையான மணித்தியாலங்களை அருகிருந்து நோக்கிப் பதிவுசெய்தமையே அவர் முறையின் சிறப்பு. 1984இல் அவர் குறுங்காலத் தங்கலை ஆராய்ந்து வெளியிட்ட நூல் சிறுவரைப் பற்றியதாயினும், அதன் முடிவுகள் வளர்ந்தோருக்கும் பொருந்துவனவே.

வீட்டைப் பிரிந்த சிறுவர் அழுதனர், உண்ண மறுத்தனர், உறக்கமிழந்தனர். இயல்பான சிறுவனிடம் இவை காணப்படின் வீட்டு ஏக்கம் எனப் பெயரிடப்படும். உளவளர்ச்சி குன்றிய சிறுவனிடம் காணப்படும்போதோ இவை அவனது குறைபாட்டின் வெளிப்பாடாகக் கொள்ளப்பட்டன. பிரிவை உணர்தற்கு அறிவுத்திறன் ஒரு முன்நிபந்தனையன்று என ஒஸ்வின் வாதிட்டார். தாய்க்கு ஓய்வு தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. ஒருவரின் ஓய்வு மற்றவரின் துயரத்தினாற் பெறப்படுமாயின், அச்சேவை இருவருக்கும் உரியதெனக் கூறமுடியாது என்பதே அவர் நிலைப்பாடாகும்.

அவரது நோக்கு மற்றொரு தரப்பினரையும் நினைவூட்டுகின்றது. நிரந்தரமாக வாழ்வோரின் இல்லத்திலேயே குறுங்காலத்துக்கான ஓரிரு கட்டில்களை ஒதுக்குவது நிருவாகத்துக்கு எளிதான வழி. ஆயின், ஒவ்வொரு கிழமையும் புதியவர் வந்து போகும் வீட்டில், நிரந்தரமாக வாழ்வோர் தம் அறையையும் மேசையையும் பணியாளரின் கவனத்தையும் தொடர்ந்து பகிர்ந்துகொள்ளவேண்டியவராகின்றனர். அவர்களுக்கு அது வீடாகவும் அமையாது. வந்துசெல்வோருக்கு விடுதியாகவும் அமையாது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து, பயிற்சி பெற்ற குடும்பமொன்றின் வீட்டில் விருந்தினராகத் தங்கவைக்கும் திட்டங்கள் லீட்ஸ், சமசெற் ஆகிய இடங்களில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டமைக்கு, நிலையங்களை விட வீடே இப்பணிக்கு ஏற்றது என்ற எண்ணமே காரணமாயிற்று.

நியமங்களின் காலம்

ஒஸ்வினின் நூல் வெளியான 1984ஆம் ஆண்டிலேயே பதிவுபெற்ற இல்லங்கள் சட்டமும், அதற்குத் துணையாக இல்லங்களின் நல்லொழுங்கு பற்றிய கோவையும் வெளிவந்தன. 1988இல் வாக்னர் குழுவின் அறிக்கை, இல்லத்திற் சேர்தல் வேறு வழியின்மையால் நேர்வதாக அன்றி விரும்பித் தெரிந்தெடுக்கப்படுவதாக அமையவேண்டும் என்றது. 1989இல் அரசாங்கச் சமூக சேவைப் பரிசோதகர்கள் அந்தரங்கம், கண்ணியம், தற்சார்பு, தெரிவு, உரிமை, வாழ்வின் நிறைவு என்னும் ஆறு விழுமியங்களை மதிப்பீட்டின் அடிப்படையாக வகுத்தனர். அளவுநாடாவுடன் சென்ற பரிசோதகர் இப்போது விழுமியங்களையும் எடுத்துச் செல்லவேண்டியவரானார். 1995ஆம் ஆண்டின் சட்டம் பராமரிப்பவர் தம் தேவைகள் மதிப்பிடப்படுவதைக் கோரும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது.

2000ஆம் ஆண்டின் பராமரிப்பு நியமங்கள் சட்டம், உள்ளூராட்சி மன்றங்களிடமிருந்த பரிசோதனைப் பொறுப்பை ஒரு தேசிய ஆணைக்குழுவிடம் மாற்றியது. அச்சட்டத்தின்கீழ் முதியோர் இல்லங்களுக்கு 38 குறைந்தபட்ச நியமங்களும், 18 முதல் 65 வயதுவரையானோருக்கான இல்லங்களுக்கு 43 நியமங்களும் வகுக்கப்பட்டன. 2002இற் பணிதொடங்கிய ஆணைக்குழு 2004இல் ஒரு முறையும் 2009இல் மற்றொரு முறையும் உருமாறிற்று. 2009இல் உருவான பராமரிப்புத் தர ஆணைக்குழு, வைத்தியசாலைகளையும் இல்லங்களையும் ஒருசேர மேற்பார்வை செய்யும் பொறுப்பை ஏற்றது.

எனினும் 2011இல் பழைய கதை மீண்டும் நிகழ்ந்தது. பிறிஸ்ரல் நகருக்கு அண்மையிலிருந்த வின்ரபோண் வியூ என்னும் தனியார் வைத்தியசாலையில், கற்றற் குறைபாடுடைய வளர்ந்தோர் துன்புறுத்தப்படுவதைத் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் மறைவான ஒளிப்படக் கருவி மூலம் பதிவுசெய்தார். அங்கு பணியாற்றிய தாதி ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தும், ஆணைக்குழு உரிய நடவடிக்கை எடுத்திருக்கவில்லை. 2012இல் பணியாளர் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் 6 பேர் சிறை சென்றனர். அது குறுங்கால ஓய்வில்லம் அன்று. ஆயினும் மதிப்பீட்டு முறையின் குறையை அது எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக வெளிக்காட்டியது. அறிக்கைகளும் பதிவேடுகளும் இருந்தன. எச்சரித்தவரும் இருந்தார். அவருக்குச் செவிசாய்க்கும் ஏற்பாடே இருக்கவில்லை.

அதன்பின் 2014இல் ஆணைக்குழு தன் மதிப்பீட்டை ஐந்து வினாக்களைச் சுற்றி மாற்றியமைத்தது. சேவை பாதுகாப்பானதா, பயனுடையதா, பரிவுடையதா, தேவைக்கு இசைந்து செயற்படுவதா, நன்கு தலைமைதாங்கப்படுவதா என்பனவே அவை. இத்தகைய சேவைகளைத் தாமே பெற்ற அனுபவமுடையோரும் பரிசோதகருடன் செல்லும் வழக்கம் வலுப்பெற்றது. 1845இற் பேர்சிவலின் சங்கம் வேண்டி நின்ற இடத்துக்கு, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளின் பின் அரசு ஓரளவு வந்துசேர்ந்தது எனலாம். அதே 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 'நலிவுடைய வளர்ந்தோர்' என்ற சொற்றொடரைக் கைவிட்டு, 'ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய வளர்ந்தோர்' என்ற கருத்தை மேற்கொண்டது. நலிவு ஒருவரின் இயல்பினுள் உறைவதன்று. அவர் வைக்கப்பட்டிருக்கும் சூழ்நிலையிலிருந்து எழுவது என்ற தெளிவு இச்சொல் மாற்றத்திற் பொதிந்துள்ளது.

வீடு திரும்பிய பின்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து குறுங்காலத் தங்கலுக்கென உய்த்துணரத்தக்கவை சில உள. நிரந்தர இல்லமொன்றிற் பரிசோதகர் இன்று காணாதவரை நாளை காணலாம். குறுங்காலம் தங்கியவரோ பரிசோதகர் வரும் நாளிற் பெரும்பாலும் அங்கு இருக்கமாட்டார். அவர் தங்கிய கட்டிலும் உண்ட உணவின் பட்டியலும் பதிவேட்டிலிட்ட குறிப்புமே எஞ்சியிருக்கும். நிரந்தர இல்லத்துக்கென வகுக்கப்பட்ட மதிப்பீட்டு முறையை அப்படியே இங்கு பயன்படுத்தினால், வந்துசென்றவரின் அனுபவம் முற்றாகவே தப்பிவிடும்.

மறுபுறம், வேறு எந்த நிலையத்துக்கும் இல்லாத ஒரு சான்று குறுங்காலத் தங்கலுக்கு உண்டு. தங்கியவர் வீடு திரும்புகின்றார். அவரை முன்னும் பின்னும் நன்கறிந்தோர் அங்கு உள்ளனர். நடந்தவர் நடக்கின்றாரா, தாமே உண்டவர் உண்கின்றாரா, உடல் நிறை குறைந்துள்ளதா, உறக்கம் கெட்டுள்ளதா, அடுத்த முறை பையை எடுத்தவுடன் வாசலுக்கு விரைகின்றாரா, மூலையில் ஒதுங்குகின்றாரா என்பனவெல்லாம் பேச்சுத்திறன் அற்றவரும் தம் உடலாற் கூறும் சாட்சியங்களாகும். டொனபேடியன் விளைவு எனக் குறித்தது இங்கு கண்முன்னே நிற்கின்றது. செல்லுமுன் ஒருவரின் பழக்கங்களையும் விருப்புவெறுப்புகளையும் எழுதிவைத்து, திரும்பியபின் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ஆனால் அவ்வாறு ஒப்பிட்டுக் கூறும் குடும்பம், தன் கட்டிலை இழக்கமாட்டாது என்ற உறுதி முதலில் வழங்கப்படல் வேண்டும். மதிப்பிடுபவரும் கட்டில் ஒதுக்குபவரும் வேறு வேறானவராய் இருத்தல் இதற்கு இன்றியமையாதது.

இரண்டரை நூற்றாண்டு வரலாற்றில் அளவுகோல்கள் நுண்மை பெற்றுள்ளன. பரிசோதகரின் அதிகாரமும் வளர்ந்துள்ளது. இவை உண்மையான முன்னேற்றங்களே. ஆயினும் மறைந்திருந்த பெருந்தீமைகளை வெளிக்கொணர்ந்தோர் பலமுறையும் பட்டியலுக்கு அப்பால் நின்ற ஒரு நீதவான், ஒரு நோயாளி, ஒரு தாதி உதவியாளர், ஓர் ஆசிரியை ஆகியோராகவே இருந்துள்ளனர். அத்தகையோரின் சொல் தற்செயலாக அன்றி ஒழுங்காகவே மதிப்பிடுவோரைச் சென்றடைவதற்கு வழிசமைக்கும் முறையே குறுங்காலத் தங்கற் பராமரிப்பின் தரத்தை உள்ளபடி காட்டவல்லதாகும். அங்ஙனம் அமையும்போதுதான் மகனை அனுப்பிவிட்டுத் தாய் பெறும் ஓய்வு, குற்றவுணர்வு கலவாத உண்மையான ஓய்வாக அமையும்.